அறிவிப்பாளரம்மாவின் நத்தைகள்

அறிவிப்பாளரம்மாவின் தோட்டத்து நத்தைகள் வீட்டுக் கூரையிலிருந்து முதல் ஓட்டை இறக்கிக்கொண்டு போனது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று சந்தையில் தக்காளி விலை இறங்கியிருந்தது, தெருக்குழாயில் இரண்டு மணி நேரம் தண்ணீர் வந்தது. மறுநாள் மூன்று ஓடுகள் போயின, அதற்கு மறுநாள் ஏழு. அந்த வாரம் முடிவதற்குள் அவருடைய அண்ணன் கட்டிலில் படுத்தபடியே வானத்தைப் பார்க்கும் நிலைமை வந்துவிட்டது. இதில் யார் குற்றம் எவ்வளவு என்று தெருவில் இன்னும் பேசித் தீரவில்லை. அம்மாவைக் கேட்டால், குற்றம் முழுக்க ஒரு சொல்லினுடையது என்பார்.

முப்பத்தொரு வருடம் ரயில் நிலையத்து ஒலிபெருக்கியில் வண்டிகளின் வரவையும் தாமதத்தையும் சொன்னவர் அவர். ல, ள, ழ மூன்றும் அவர் வாயில் தனித்தனியாக நிற்கும். அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஆயிரம் பேர் மூட்டை முடிச்சோடு ஒன்றாம் நடைமேடையிலிருந்து நான்காம் நடைமேடைக்குப் பாய்வார்கள். அவரோ ஒரு வண்டியிலும் ஏறியதில்லை. வேலை முடிந்தால் மூன்றாவது மாடியில் இருந்த ஒற்றை அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்வார். ஓய்வு பெற்ற பிறகு, பெற்றோர் விட்டுப்போன வீட்டுக்கு, அண்ணனோடு இருக்க வந்தார். ஓடு போட்ட நடுவீடு அண்ணன் பங்குக்குப் போனது; முன்பக்கம் தளம் போட்ட ஓர் அறையும் பின்பக்கம் பன்னிரண்டுக்கு இருபதடி வெறும் மண்ணும் அவர் பங்குக்குக் கிடைத்தன. அந்த மண்ணின் மேல் அவருக்குப் பைத்தியமே பிடித்தது. கத்தரி, தக்காளி, வெண்டை, ஒரு பாத்தி கீரை என்று நட்டுத் தள்ளினார். அண்ணன் நில அளவைத் துறையில் இருந்தவர். தரை என்றால் சமமாக இருக்க வேண்டும், செருப்பில் ஒட்டக் கூடாது என்பது அவர் கட்சி. பதினாறு மூட்டை சிமெண்ட்டை வாங்கி நடையில் அடுக்கிவிட்டு, தங்கைக்குக் கெடு வைத்தார். அறுபது வயதிலும் அவள் அவருக்குப் பாப்பாதான். “மழை ஆரம்பிக்கிறதுக்குள்ள ஒரே ஒரு செடி என் இடுப்பு உயரம் நிக்கட்டும் பாப்பா, நான் வாயே திறக்கல. இல்லேன்னா மொத்தத்தையும் பூசிடுவேன்.”

செடிகள் ஒரு சாணுக்கு மேல் வளரவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் இலையெல்லாம் ஓட்டை, சில நாற்றுகள் அடியோடு காணாமல் போயிருந்தன. அம்மா முதலில் அசுவினி என்று நினைத்துச் சோப்புத் தண்ணீர் அடித்தார். பிறகு வெட்டுக்கிளி என்று நினைத்து வலை கட்டினார். அதன் பிறகு எதிர்வீட்டுக் கோழியின் மேல் சந்தேகப்பட்டு எதிர்வீட்டோடு பேச்சை நிறுத்தினார். கடைசியில் ஓட்டை விழுந்த இலைகளை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு பூச்சிமருந்துக் கடைக்குப் போனார். கடைக்காரர் ஆள் பொறுமைசாலி. அசுவினி சாறுதான் குடிக்கும், இலை சுருண்டுபோகும், ஓட்டை விழாது என்றார். கம்பளிப்பூச்சி என்றால் மிளகு மிளகாக எச்சம் கிடக்கும் என்றார். இலையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, அதன் மேல் காய்ந்து மினுங்கிய வெள்ளிக்கோட்டைக் காட்டினார். “இது நத்தைம்மா. ஓடு இல்லாத நத்தை. அதுக்குன்னு தனியா ஒரு பேரு கூட யாரும் வைக்கல, பாவம்.” பாவமாவது ஒன்றாவது என்று அம்மாவுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குப் பின் நடந்ததெல்லாம் போர்தான். கடைக்காரர் சொன்னபடி மாலையில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திக் காலையில் ஊற்றினார். செடியைச் சுற்றிச் சாம்பலும் நொறுக்கிய முட்டை ஓடும் தூவினார்; நத்தைகள் முட்டை ஓட்டின் பக்கத்தில் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, அதைச் சுற்றிக்கொண்டு போயின. நாற்று வைத்த தொட்டிகளுக்குச் செம்புத் தகடு கட்டினார். நனைத்த சாக்கைத் தரையில் விரித்து, விடிந்ததும் புரட்டி, அடியில் ஒதுங்கியிருந்தவற்றைக் குச்சியால் வாளியில் தள்ளித் தெருமுனைப் புதரில் கொட்டினார். ஒரு நாள் நாற்பது, ஒரு நாள் அறுபது. மறுநாள் அதே முகங்கள் திரும்பி வந்தன என்று அவர் சத்தியம் செய்வார். மழைக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருந்தது. அண்ணன் தினமும் அளவுநாடாவோடு வந்து, செடியை அளந்து, ஒன்றும் சொல்லாமல் போனார். அந்த ஒன்றும் சொல்லாததுதான் அம்மாவை உலுக்கி எடுத்தது. ஒரு திங்கட்கிழமை விடியலில், மிச்சமிருந்த கத்தரியின் குருத்தில் ஒரு நத்தை ஏறிக் கறித்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் அவர் வாளியை விசிறி எறிந்தார். மூன்று வருடமாக வெளியே வராத ஒலிபெருக்கிக் குரல் அப்படியே வந்தது. “ஓடு,” என்றார். “ஓடுன்னு சொல்றேன்ல, ஓடு.” தோட்டத்தில் இருந்த அத்தனை நத்தைகளும் கொம்பை நீட்டித் தலையைத் தூக்கின. பிறகு சுவர்ப் பக்கமாகத் திரும்பி ஊரத் தொடங்கின. அம்மாவுக்குப் பரம திருப்தி.

ஓடுகள் போகத் தொடங்கியபோது அண்ணன் முதலில் திருடன் என்றார், அப்புறம் குரங்கு என்றார். நான்காம் நாள் கொல்லையில் ஓர் ஓடு தானாக நகர்வதைக் கண்டு அதைத் தூக்கிப் பார்த்தார். அடியில் விரல் நீள நத்தை ஒன்று, கல்யாண வீட்டில் நல்ல இருக்கை கிடைத்தவரைப் போல அமர்ந்திருந்தது. அவர் ஓட்டை வைத்துவிட்டு உள்ளே வந்து, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்து, தங்கையைக் கூப்பிட்டார். “இலையில ஓட்டை ஓட்டைன்னு அழுதே. இப்ப என் ஓட்டைக் காணோம்னு நான் அழறேன். என்ன பண்ணி வச்சே?” அம்மா பூச்சிமருந்துக் கடைக்கே போய் விவரம் சொன்னார். கடைக்காரர் தராசைத் துடைப்பதை நிறுத்தினார். “ஓடு இல்லாததுகிட்ட போய், அதுவும் உங்க வாயால, ஓடுன்னு சொன்னா அது என்னம்மா பண்ணும்?”

இதற்குள் இன்னொன்றும் நடந்திருந்தது. இரண்டு கிலோ ஓட்டைச் சுமந்துகொண்டு எந்த நத்தையாலும் தண்டில் ஏற முடியவில்லை. தரையோடு தரையாகக் களையையும் உதிர்ந்த இலையையும் தின்றுகொண்டு அவை ஊர்ந்தன. கீரைப் பாத்தியை மட்டும் அம்மா அவற்றுக்கே விட்டுத் தலைமுழுகிவிட்டார். கத்தரி குருத்து விட்டது, முழங்கால் தாண்டியது, தொடையைத் தொட்டது. அண்ணனின் கூரையில் நூற்றுப்பன்னிரண்டு ஓடுகள் குறைந்திருந்தன. “நீ சொன்னாத்தான் கேக்குதே, எல்லாத்தையும் திருப்பி வைக்கச் சொல்லு,” என்று அவர் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டார். அம்மா போய் நின்றார். நத்தைகள் ஓட்டுக்கு வெளியே தலை நீட்டிக் காத்திருந்தன. ஒரு வார்த்தை போதும், எல்லா ஓடும் கூரைக்குத் திரும்பிவிடும். நத்தைகள் வெறும் உடம்போடு இறங்கி வந்து, விடிவதற்குள் கத்தரியையும் முடித்துவிடும். அவர் வாயைத் திறந்தார், மூடினார். “சொல்ல மாட்டேண்ணா,” என்றார். “முப்பத்தொரு வருஷம் ஊரு உலகமெல்லாம் போறதுக்குக் கத்தினேன். நான் சொல்லி என் கூட நின்னது இது ஒண்ணுதான்.” அண்ணன் கொல்லைக் கதவைப் படாரென்று சாத்திவிட்டு உள்ளே போனார்.

மழை எதிர்பார்த்ததற்கு நான்கு நாள் முன்னதாகவே வந்தது. முதல் தூறலிலேயே அண்ணன் நாடாவோடு ஓடிப்போய்க் கத்தரியை அளந்தார். இடுப்புக்கு இரண்டு விரல் குறைவு. “குறையுது பாப்பா,” என்றார், அதில் ஜெயித்த சந்தோஷம் ஒன்றும் இல்லை. அம்மா அழுதார். அன்றும் மறுநாளும் அண்ணன் கட்டிலில் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்து நனைந்தார். தங்கை தன் அறைக்கு வரச் சொல்லியும் வரவில்லை. பிடிவாதத்தில் இருவரும் ஒரே வார்ப்பு. மூன்றாம் நாள் தும்மிக்கொண்டே கொத்தனாரைக் கூப்பிட்டு, நடையில் இருந்த பதினாறு மூட்டையும் தன் தலைக்கு மேலேயே தளமாகப் போடச் சொன்னார். மண்ணுக்கு ஒரு கரண்டி கூட மிஞ்சவில்லை. கொத்தனார் தார்ப்பாய் கட்டிக்கொண்டு ஒன்பது நாளில் வேலையை முடித்தார். அவர் போகும்போது கத்தரி அண்ணனின் மார்பளவு இருந்தது. அதை யாரும் அளக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து வீட்டு விவரம் சரிபார்க்க ஓர் எழுத்தர் வந்தார். பழைய பதிவேட்டில் ஓடு மேய்ந்த வீடு என்று இருந்தது. மேலே பார்த்தால் தளம். இதென்ன என்று கேட்டார். அண்ணன் அவரைக் கொல்லைக்கு அழைத்துப் போனார். மழை விட்ட ஈரத்தில் நூற்றுச் சொச்சம் ஓடுகள் கத்தரிச் செடிகளுக்கு நடுவே சாவகாசமாக நகர்ந்துகொண்டிருந்தன. எழுத்தர் குனிந்து பார்த்துவிட்டு, மேய்ந்த என்பதை அடித்து மேயும் என்று திருத்திக்கொண்டார். “இந்த இடம் யார் பேருல சார் இருக்கு?”

“பாப்பா பேருல,” என்றார் அண்ணன். “பாத்துக் காலை வைங்க.”