விருந்தாளியாகப் போன இடத்தில் சொன்னது

அந்த கேம் கம்பெனியில் அவளுக்குச் சட்டாம்பிள்ளை என்றுதான் பெயர். அவர்கள் உருவாக்கிய கேமின் உலகத்தில் யார் பிறந்தார்கள், யார் செத்தார்கள், எந்தப் பாலம் எப்போது இடிந்தது என்பதையெல்லாம் பதிவேட்டில் ஏற்றுகிறவள் அவள். பச்சையில் ஏற்றினால் நடந்தது. சிவப்பில் ஏற்றினால் நடக்கவே இல்லை. சிவப்புக்கு மட்டும் பக்கத்துக் கட்டத்தில் காரணம் எழுத வேண்டும்.

அவர்களுடைய பாத்திரங்கள் வேறு கம்பெனிகளின் கேம்களுக்கு விருந்தாளியாகப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வருவதுண்டு. அங்கே நடப்பது எதுவும் சேர்த்தியில்லை என்று பதினோரு வருஷத்துக்கு முன் விதி போட்டவளும் அவள்தான். சேர்த்தியில்லாததை எதற்குப் பார்ப்பது? ஒன்றைக்கூட அவள் திறந்து பார்த்ததில்லை.

"அக்கா, உங்க விதியக் கொஞ்சம் தளர்த்தணும்," என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான் கேமின் இயக்குநர்.

"காலங்காத்தாலயே என்ன தம்பி குண்டு கொண்டு வந்திருக்க?"

"நம்ம படகோட்டி."

அவள் கை விசைப்பலகை மேல் நின்றது. அவர்கள் கேமின் படகோட்டி பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவன் அவளுடைய அண்ணன். அவன் இறந்து நாலு மாதம் ஆகிறது. அதற்கு முன்னாலேயே மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் மூச்சுக்குழாயோடு கிடந்தபோது, அண்ணன் வந்து சேருவதற்குள் குழாயை எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவள் அவள். "ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?" அதுதான் அவன் அவளிடம் கடைசியாகக் கேட்டது. அண்ணன் ஒலிப்பதிவுக்கு வரும் நாட்களில் அவள் லீவு போட்டுவிடுவாள். அவன் அவளுடைய அண்ணன் என்பது அலுவலகத்துக்குத் தெரியும்; இந்தச் சண்டை யாருக்கும் தெரியாது.

"உங்க அண்ணன் போனதும் ஜனங்க அவர் பேசினதையெல்லாம் தேடித் தேடிக் கேக்கறாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி படகோட்டி விருந்தாளியாப் போன கேம்ல ஒரு வரி. அதையே பிடிச்சுத் தொங்கறாங்க. அவனுக்குத் தங்கச்சி இருக்காளாம்!"

"ஆத்துல மிதந்து வந்த அனாதை அவன். பச்சையில இருக்கு."

"அதாங்க்கா சுவாரசியமே! கேளுங்க."

போனை மேஜையில் வைத்தான். சண்டையில் ஜெயித்த படகோட்டி மூச்சு வாங்கிக்கொண்டு பேசினான்.

"தங்கச்சி, அம்மா ரொம்ப வலியில இருந்தா. நான் வர்ற வரைக்கும் வச்சிருந்தா அவளுக்குத்தான் கஷ்டம். நீ செஞ்சது சரிதான், போ."

அவள் அதை இன்னொரு முறை ஓடவிட்டுக் கேட்டாள்.

"இது... எழுதிக் கொடுத்த வரியா?"

"இல்லக்கா. தாள்ல வேற என்னவோ இருந்துச்சாம். உங்க அண்ணன் இத ஒரே மூச்சுல சொல்லிட்டு, 'பிடிச்சா வச்சுக்கங்க'ன்னு கிளம்பிட்டாராம். அவங்களுக்குப் பிடிச்சுப்போச்சு."

அவள் எழுந்து மாடிப்படிக்குப் போய் அண்ணிக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, படகோட்டி பேசினத இன்னைக்குத்தான் கேட்டேன்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாய் நின்றது.

"இன்னைக்குத்தானா? போன் அடிச்சாப் போதும், நீதானான்னு எட்டி எட்டிப் பாப்பாரும்மா. கேட்டும் உன் மனசு இறங்கலைன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாரு."

"நேர்ல சொல்லியிருக்கலாமே அண்ணி."

"நேர்ல சொல்ற வாயா உங்க ரெண்டு பேருக்கும்? படகோட்டி எங்க போயி என்ன பேசினாலும் உனக்குத் தெரிஞ்சுடும்னு நம்பினாரு."

"வெளியில நடக்கறத நான் பாக்கறதில்ல அண்ணி. சேர்த்தியில்லைன்னு நானே எழுதி வச்சேன்."

 "அழுதுட்டுப் போயி வேலையப் பாரு," என்றாள் அண்ணி.

முகம் கழுவிக்கொண்டு வந்தபோது இயக்குநர் அங்கேயே இருந்தான்.

"பச்சைதானே அக்கா? அம்மா, தங்கச்சி, வலி... நாலாம் பாகமே இதுல இருக்கு. குரலுக்கு ஆள் பாத்தாச்சு. அச்சு அசல் உங்க அண்ணன் மாதிரியே பேசறான். இதே வரிய அவனச் சொல்ல வச்சு ஆரம்பிச்சுடலாம்."

பச்சையில் ஏற்றினால் அண்ணன் சொன்னது உலகத்துக்கே நடந்ததாகிவிடும். இனி யாராலும் இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அதைச் சொல்லப்போகிறவன் எவனோ. கேட்கப்போகிறவள் புதிதாக வரையப்படும் ஒருத்தி. அம்மாவுக்குக்கூட வேறு முகம் வரைந்துவிடுவார்கள்.

அவள் சிவப்பை அழுத்தினாள்.

"அக்கா! என்ன பண்றீங்க?"

"விருந்தாளியாப் போன இடத்துல நடந்தது சேர்த்தியில்ல."

"ஆயிரம் பேரு கேக்கறாங்களே, அந்தத் தங்கச்சி யாருன்னு! அவங்களுக்கு நான் என்ன சொல்ல?"

"படகோட்டிக்குத் தங்கச்சி கிடையாதுன்னு சொல்லு."

காரணக் கட்டத்தில் ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள்: 'சொன்னது படகோட்டி அல்ல.'

அவன் குனிந்து படித்தான். அவள் கண்களைப் பார்த்துவிட்டு மறுபடியும் படித்தான். நாற்காலியைச் சத்தம் வராமல் நகர்த்தினான்.

"அக்கா, எனக்குத் தெரியாது..."

"போனை மட்டும் வச்சுட்டுப் போ, தம்பி. மத்தியானம் வந்து வாங்கிக்க."

அவன் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.