மெல்லோரா கிடார்களின் இருமல் வரலாறு

அபிராமபுரத்தில் ராகவேந்திரன் வீட்டு உள்ளறைச் சுவரில் மாட்டியிருக்கும் எலெக்ட்ரிக் கிடார்கள் இருமும். காலையில் பால் பாக்கெட் வாசலில் விழுந்த சற்று நேரத்தில் ஒன்று தொண்டையைச் செருமும், அதைக் கேட்டு அடுத்தது தொடங்கும், காபிக்கு டிகாக்‌ஷன் இறங்குவதற்குள் சுவர் முழுக்க இருமி ஓய்ந்துவிடும். மழைக்காலத்தில் கொஞ்சம் அதிகம். வீட்டில் நோயாளி யாரையோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்து ஃப்ளாட்காரர்கள் முதலில் அசோசியேஷன் கூட்டத்தில் புகார் சொன்னார்கள். கிடார்கள்தான் என்று தெரிந்ததும், நாய் பூனைக்குப் போட்ட விதிகளே இவற்றுக்கும் பொருந்தும், லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று தீர்மானம் நிறைவேற்றி, அடுத்ததாகத் தண்ணீர் லாரி விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

ராகவேந்திரனுக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இழப்பீட்டு மனுக்களை ஆராய்ந்து நிராகரிக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எரிந்துபோன கடைக்குப் போனால் தீ எப்படிப் பிடித்தது என்று கேட்க மாட்டார், இது உண்மையான தீதானா என்று கேட்பார் என்று அலுவலகத்தில் அவருக்குப் பெயர். ஓய்வுக்குப் பிறகு சந்தேகப்பட எதுவும் கிடைக்காமல் இளைத்துப் போனார். அப்போதுதான் மந்தைவெளியில் ஒரு மெல்லிசைக் குழு கலைந்து, அவர்கள் கழித்துப்போட்ட செம்பருத்திச் சிவப்பு மெல்லோரா ஒன்று அவர் கைக்கு வந்தது. மெல்லோரா என்பது எழுபதுகளில் கிண்டி தொழிற்பேட்டையில் தகரக் கொட்டகை ஒன்றில் செய்த கிடார். பெயரைக் கேட்டால் இத்தாலி என்று தோன்றும். தோன்றட்டும் என்றுதான் வைத்தார்கள். கல்யாண ரிசப்ஷன்களிலும் சாந்தோம் பக்கத்து மாதா கோயில் விழாக்களிலும் அது முழங்கி ஓய்ந்தது. பட்டறை மூடப்பட்டது, முதலாளி போய்ச் சேர்ந்தார், இடத்தில் இப்போது கார் ஷோரூம் இருக்கிறது. எந்தக் கிடார் எந்த ஆண்டில் செய்தது என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் மிச்சமில்லை. ராகவேந்திரனின் முகத்தில் ரத்தம் ஊறத் தொடங்கியது.

விரைவில் உள்ளறைச் சுவர் மெல்லோராக்களால் நிறைந்தது, மெல்லோரா ஆய்வு மன்றம் உருவானது. அதற்குத் தலைவர் ராகவேந்திரன். துணைத் தலைவர் தி. நகர் ஆடிட்டர் சுப்பராமன். செயலாளர், இணைச் செயலாளர், பொருளாளர், காப்பாளர் எல்லாரும் உண்டு. உறுப்பினர் என்று மட்டும் யாரும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மயிலாப்பூர் மெஸ் ஒன்றில் பொங்கல் வடையோடு கூடி, கிடாரின் கழுத்துக்குப் பின்னால் உள்ள தகட்டு எண்ணைப் பற்றிச் சண்டை போடுவார்கள். எண் ஏறினால் ஆண்டும் ஏற வேண்டும் என்பது சுப்பராமன் கட்சி. எண் போட்ட ஒன்று பொய் சொல்லக்கூடும் என்பதை ஆடிட்டரான அவரால் வெளிப்படையாக ஒப்புக்கொள்ள முடியாது. ஆனால் பட்டறையில் தகடுகளை மொத்தமாக அடித்து ஒரே டப்பாவில் கொட்டி, கைக்கு வந்ததை எடுத்து முடுக்கியிருந்தார்கள் என்பது ஆராய ஆராயத் தெரிந்தது. பேரன் எண்ணோடு தாத்தா கிடாரும், தாத்தா எண்ணோடு பேரன் கிடாரும் ஊரெங்கும் திரிந்தன.

முடிச்சை அவிழ்த்தவள் ராகவேந்திரனின் மனைவி நீரஜா. நெஞ்சு நோய் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள். வருஷக்கணக்காகச் சுவரிலிருந்து வரும் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டிருந்தவள், ஒரு நாள் பீரோவிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து வந்து ஒவ்வொரு கிடாராக வைத்துக் கேட்டாள்.

"ஏன்னா, இதெல்லாம் ஒரே மனுஷன்," என்றாள். "இந்தக் கோடில இருக்கறது வெறும் தொண்டைதான். நடுவுல இருக்கறதுக்குச் சளி கீழ எறங்கிடுத்து. ஜன்னலோரத்துல மாட்டிருக்கேளே, அதுக்கு நுரையீரல்ல பாதியே இல்லை."

"அப்போ ஜன்னலோரம்தான் கடைசி!"

"யாருன்னா அது? வைத்தியம் ஏதாவது பண்ணிண்டாரா?"

"முதல்ல கோடி, அப்புறம் நடு, அப்புறம் ஜன்னல்," ராகவேந்திரன் ஆணியிலிருந்து கிடார்களைக் கழற்றி இடம் மாற்றத் தொடங்கியிருந்தார். "நீரஜா, காலவரிசையையே குடுத்துட்டேடி!"

இதை வைத்து அவர் எழுதிய கட்டுரை வெளியானபோது உலகெங்கும் உள்ள மெல்லோரா பித்தர்கள் எழுந்து நின்றார்கள். வறட்டுக் காலம், சளிக் காலம், ரத்தக் காலம் என்று மூன்று பகுப்புகள் நிலைபெற்றன. சளிக் காலத்தின் பிற்பகுதிக் கிடார்களுக்குக் கிராக்கி ஏறியது. ஒரு ரசிகர், ரத்தக் கால இருமல் ஒன்றரைக் கட்டைச் சுருதியில் பிசகாமல் நிற்கிறது என்று காதைப் பொத்திக் கேட்டுவிட்டுச் சொன்னார். எல்லாம் கிடைத்தும் ராகவேந்திரனுக்கு இரவில் சோறு இறங்கவில்லை. வரிசையின் முடிவு இல்லை. அந்த மனிதன் எந்தக் கிடாரோடு நிறுத்தினான் என்பது தெரியாமல் 'மெல்லோரா: முழு வரலாறு' என்ற நூலை அச்சுக்குக் கொடுப்பது எப்படி? 'முழு' என்ற சொல் அட்டையில் ஏற்கெனவே போட்டாயிற்று.

சுவர் இருமுவதை அவர் படம் பிடித்து இணையத்தில் போட்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு ஷேர் ஆட்டோ ஓட்டும் செம்பியன் என்பவர் ஒரு நாள் போன் செய்தார்.

"சார், உங்க ஊட்ல எங்க நைனா இருமிக்கினு கீறாரு. எங்கம்மா போன்ல கேட்டுட்டு உடனே சொல்ட்டாங்க. எங்க ஊட்ல ஒண்ணு கீது சார். அது இருமாது."

செம்பியனின் அம்மா முனியம்மாளை அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து அரசாங்கத்தார் எடுத்து, ஊருக்கு வெளியே அடுக்கு வீடொன்றின் எட்டாவது மாடியில் வைத்திருந்தார்கள். ராகவேந்திரன் மூச்சு வாங்க ஏறிப் போனபோது, கிடார் கட்டிலில் படுத்திருந்தது, மேலே போர்வை, தலைக்கு நேரே ஃபேன். போர்வை ஏறி ஏறி இறங்கியது. முனியம்மாள் பெரிய பொட்டும் கை நிறையக் கண்ணாடி வளையலுமாகக் கட்டில் காலருகே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அவள் புருஷன் துரைராஜ் அந்தப் பட்டறையில் சாயம் அடித்தவர். மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு தின்னர் புகைக்குள் நின்று, செம்பருத்திச் சிவப்பை வருஷக்கணக்காக அடித்தார். பிறகு அதே சிவப்பைத் துப்பத் தொடங்கினார். சட்டையில் இருப்பது எந்தச் சிவப்பு என்று துவைக்கும்போது அவளுக்குத் தெரியாது. கடைசி நாள் அடித்த கிடாரில் கை நடுங்கிச் சாயம் வழிந்துவிட்டது. கழிவு, நீயே எடுத்துப் போ என்றார்கள். முதுகுப்பக்க மூடியைத் தானே முடுக்கி, திருகுகளின் மேலேயே சாயத்தை ஓட்டி, தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"வந்து படுத்தாரு, எந்திரிக்கல," என்றாள் முனியம்மாள். "ஒடம்பத் தூக்கினு போய் எரிச்சிட்டாங்க. மூச்சு இதுக்குள்ள போயிருச்சு. மூச்சு ஊட்ல இருக்கசொல்ல நான் எதுக்கு சார் பொட்ட அழிக்கணும்?"

ஆற்றங்கரையில் இதை எல்லாரும் நியாயம் என்றுதான் சொன்னார்கள். ஆடி மாதக் கூழுக்கு அவளைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். ரேஷன் கார்டில் பேரை எடுக்க வந்த ஆள், கிடாரில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, குடும்பத் தலைவர் இருக்கட்டும் என்று போனார். அடையாறு பெருகி வீட்டுக்குள் வந்த ஆண்டு பீரோ, டிவி, கட்டில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிடாரை மட்டும் தலையில் வைத்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நடந்தாள்.

ராகவேந்திரனுக்குக் கண் கலங்கியது. வரிசையின் கடைசிக் கிடார் கண்ணெதிரே, மூடிமேல் பட்டறைச் சாயம் உடையாமல் இருந்ததே அதற்குக் காரணம். விலைக்குக் கேட்டார்; செம்பியன் சிரித்தார். நூல் வெளியீட்டு விழாவுக்கு ஒரு மாலைப் பொழுது மட்டும் மேடையில் வைக்கலாமா என்று கேட்டார். முனியம்மாள் கீரையைத் தள்ளி வைத்தாள்.

"அவரு பேரச் சொல்வியா சார்? மைக்ல?"

"பொன்னாடையே போத்தறோம்மா."

"கடைசி வரிக்கும் டேய் பெயிண்ட்டுன்னுதான் சார் கூப்ட்டானுங்க. ஒரு தபா துரைராஜுன்னு சொன்னதில்ல." அவள் போர்வையை நீவிச் சரிசெய்தாள். "எட்த்துனு போ. ஆனா மூடியத் தொறக்கக் கூடாது. தொறந்தா மூச்சு பூடும். பூட்டா அவ்ளோதான். சத்தியம் பண்ணு."

நிபந்தனைகளைப் படித்தே பிழைத்தவர் ராகவேந்திரன். அவள் சொன்னதை வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்லி, அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

விழா மயிலாப்பூர் சபா ஒன்றின் சின்ன ஹாலில் நடந்தது. குத்துவிளக்கு, இறைவணக்கம், வரவேற்புரை, வரவேற்றவரை வரவேற்றுச் சில வார்த்தைகள். சிறப்பு விருந்தினரான முன்னாள் உயரதிகாரி, தான் கல்லூரியில் கிடார் கற்றுக்கொள்ளாமல் போனதற்கான காரணங்களை விரிவாகப் பேசினார். முன்வரிசையில் முனியம்மாள் பட்டுச் சேலையும் தலை நிறையக் கனகாம்பரமுமாக இருந்தாள். "செம்பருத்திச் சிவப்பின் சிற்பி, திரு. துரைராஜ் அவர்கள்" என்று ராகவேந்திரன் மைக்கில் சொல்லி, கிடாருக்குப் பொன்னாடை போர்த்தினார். மைக்கைக் கிட்டே கொண்டுபோனதும் மூச்சு ஹால் முழுக்கக் கேட்டது. உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. செம்பியன் செல்போனில் படம் எடுத்தபடி அழுதார். முனியம்மாள் அழவில்லை. பக்கத்து நாற்காலிக்காரியிடம், "எங்க ஊட்டுக்காரரு," என்றாள்.

அத்தோடு காபி கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுப்பராமன் எழுந்தார்.

"தலைவர் மன்னிக்கணும். இந்தக் கிடார் ஒரிஜினல்னு எப்படி எடுத்துக்கறது? மேல இருக்கற சாயம் அப்புறமா யாராவது அடிச்சதா இருந்தா? உள்ளே என்ன கலர்னு இதுவரைக்கும் யார் பாத்திருக்கா?"

கேள்வியில் தவறில்லை. மூடிக்குக் கீழே வெயிலே படாத சாயம் இருக்கும். அதன் நிறத்தைப் பார்த்துத்தான் பட்டறைச் சாயமா, பின்னால் பூசியதா என்று சொல்வார்கள். திறந்து பார்க்காத கிடார் மன்றத்தின் பார்வையில் பிறக்காத பிள்ளை. திறக்காத மூடியைப் போற்றுவதும் அவர்கள்தான், திறந்தால்தான் நம்புவதும் அவர்கள்தான். சிறப்பு விருந்தினர் தலையாட்டினார். "நியாயமான சந்தேகம்," என்று யாரோ சொன்னார்கள். முப்பது வருஷம் ஊராரிடம் ராகவேந்திரன் சொன்ன அதே சொல். அது இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது.

"சார், வேணாம்," என்றாள் முனியம்மாள், உட்கார்ந்தபடியே.

ராகவேந்திரன் அவளைப் பார்த்தார். ஹாலைப் பார்த்தார். அட்டையில் இருந்த 'முழு' என்ற சொல்லைப் பார்த்தார். "லேசா மட்டும்தாம்மா," என்றார். ஸ்க்ரூ டிரைவரை யாரும் தேடிக் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. அது வீட்டிலிருந்து கிளம்பும்போதே அவர் ஜிப்பாப் பையில் இருந்தது.

திருகின் மேலிருந்த சாயம் அப்பளம்போல் உடைந்தது. மூடி விலகியதும் தின்னர் வாசனை ஹாலில் பரவியது. முன்வரிசைக்காரர்கள் முகத்தில் வெதுவெதுப்பான காற்று ஒன்று பட்டது. குத்துவிளக்குச் சுடர்கள் ஒருபக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன. மைக்கில் 'வெளியே' கேட்டது. 'உள்ளே' கேட்கவில்லை.

சுப்பராமன் செல்போன் வெளிச்சத்தை அடித்துக் குனிந்து பார்த்தார். குழிக்குள் அப்போது பூத்ததுபோல் சிவப்பு இருந்தது. "ஒரிஜினல்தான்," என்றார் நிமிர்ந்து. "நான் ஒத்துக்கறேன்." ஹால் கைதட்டியது. எழுந்து நின்று தட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே முனியம்மாள் மேடை விளிம்புக்கு வந்து, இரு கைகளையும் அதில் மோதி வளையல்களை உடைத்தாள். முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். கனகாம்பரத்தை எடுத்துக் கிடார்மேல் வைத்தாள். புகைப்படக்காரர் அவளைக் கொஞ்சம் இடப்பக்கம் நகரச் சொன்னார், நகர்ந்தாள்.

"பாத்தியா சார் கலரு?" என்று கேட்டாள்.

மறுநாள் செம்பியனின் ஸ்டாண்டு நண்பர்கள் மேளம் வைத்து, பூத்தேர் கட்டி, கிடாரைக் கிருஷ்ணாம்பேட்டைச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போனார்கள். சாயம் என்பதால் சட்டென்று பற்றி, ஆளுயரத்துக்குச் சிவப்பாக எரிந்தது. ராகவேந்திரன் வாசலோரம் நின்றார். வா என்றும் யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மன்றத்தின் வாட்ஸப் குழுவில் பாராட்டுகள் வந்துகொண்டே இருந்தன. எரித்திருக்க வேண்டாம் என்று மட்டும் சுப்பராமன் வருத்தப்பட்டிருந்தார். நூலின் இரண்டாம் பதிப்பில், உற்பத்தி முடிவுற்ற இடம் கிண்டி என்றிருந்ததை ராகவேந்திரன் தன் கையாலேயே மயிலாப்பூர் என்று திருத்தினார்.

கிடாரை எரித்த மறுநாள் காலையில் வீட்டுச் சுவர் மௌனமாகிவிடும் என்று அவர் படுக்கையில் விழித்துக் காத்திருந்தார். பால் பாக்கெட் விழுந்தது. கோடியில் இருந்த கிடார் தொண்டையைச் செருமியது, ஏதோ தூசி என்று நினைக்கும் இளவயது ஆளின் செருமல். அடுத்தது தொடங்கியது. ஜன்னலோரம்வரை ஒன்றுவிடாமல் இருமின. எதற்கும் செய்தி எட்டியிருக்கவில்லை.

எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுத்துவிடுவதாக அவர் போன் செய்தார். "எட்டு மாடி சார், அங்க எங்க மாட்றது?" என்றாள் முனியம்மாள். அதனால் அவை அங்கேயே இருக்கின்றன. மன்றம் இப்போது வேறு வீட்டில் கூடுகிறது. கிடார்கள் மாட்டியிருக்கும் அறையில் யாரும் துரைராஜை இறந்தவராகப் பேசுவதில்லை. போன் வந்தால் ராகவேந்திரன் பால்கனிக்குப் போய்விடுவார். மழை நாட்களில் நீரஜா வெந்நீரில் ஆவி பிடிக்க வைக்கிறாள், ஜன்னலோரத்துக்குக் கூடுதலாக.

மாதம் ஒரு முறை முனியம்மாள் வருவாள். செருப்பை வாசலில் விடுவாள். நீரஜா குங்குமச் சிமிழையும் ஒரு கை வளையலையும் எடுத்து வந்து நீட்டுவாள். முனியம்மாள் வளையலை ஏற்றிக்கொண்டு, நிலைக்கண்ணாடி பார்த்துப் பெரிதாகப் பொட்டு வைத்துக்கொண்டு உள்ளே போய், கோடியில் இருக்கும் கிடாருக்குக் கீழே உட்கார்ந்து, விலைவாசி, செம்பியன் ஆட்டோ, லிஃப்ட் ரிப்பேர் எல்லாவற்றையும் சொல்வாள். வெளியே வரும்போது வளையலைக் கழற்றிக் கொடுத்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பஸ் போய்விடும் என்று அவசரமாகக் கிளம்புவாள்.