மொட்டுக்குப் போதுமான வெளிச்சம்

கண்ணையன் கட்டும் டார்ச்சைத் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் நின்று அடித்தால், எதிர்க்கரையில் கட்டிக் கிடக்கும் படகின் பேரைப் படிக்கலாம். வேலை பார்த்த மில் மூடிய பிறகு மோட்டார் ரிப்பேர் அவனுக்குச் சோறு போட்டது. அதில் பாதியை டார்ச்சு தின்றது. பிரௌசிங் சென்டர் வைத்திருக்கும் கோபிநாத்தும் அவனும் எல்.இ.டி. சில்லுகளைப் பார்சலில் வரவழைத்து, யார் வெளிச்சம் தூரம் போகிறதென்று சின்னப் பிள்ளைகள் மாதிரி சண்டை போடுவார்கள்.

இருந்ததிலேயே பெரிய சில்லைப் பெண்டாட்டிக்குத்தான் வைத்தான். ஜெயம் தவளக்குப்பம் பக்கம் முருகையன் தோட்டத்தில் விடியுமுன் மல்லி பறிப்பவள். செடியடியில் பாம்பு கிடக்கும். அதனால் நெற்றியில் கட்ட ஒரு விளக்கு. பால்வெள்ளைச் சில்லு, அதற்குக் கரண்டை அள்ளி ஊற்றும் டிரைவர் சர்க்யூட்.

"பாம்பே கண்ணு கூசி ஓடிடும்டி" என்று கட்டிவிட்டான்.

மறுநாள் காலை ஜெயம் திரும்பி வந்து, மடியிலிருந்த மொட்டுகளை முறத்தில் கொட்டினாள். பாதிக்குப் பாதி பச்சைப் பிஞ்சு. சாயங்காலம் விரியாத மொட்டை எந்த வியாபாரி வாங்குவான்?

"முருகையன் திருப்பிக் குடுத்துட்டாரு. 'கண்ணு போச்சுன்னா வூட்ல கெட, நாளைக்கும் இப்படின்னா வராத'ன்றாரு." அவள் குரல் இறங்கியது. "நெசமாவே கண்ணு போச்சாயா எனுக்கு? பறிக்கறப்ப எல்லாம் வெள்ளையாத்தான் தெரிஞ்சுது."

"கோரிமேட்டு ஆஸ்பத்திரில காட்டிக்கலாம். கண்ணாடி போட்டா டீச்சரம்மா மாதிரி இருப்ப."

அவள் சிரிக்கவில்லை. பேசிக்கொண்டே வாசல் வெயிலில் பிஞ்சைத் தனியாகப் பொறுக்கித் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. கண் போனவள் கையா இது?

கண்ணையன் முறத்தை உள்ளே தூக்கிப்போய்க் கதவைச் சாத்தி அந்த நெற்றி விளக்கைப் போட்டான். பிஞ்சும் மொட்டும் ஒரே சுண்ணாம்பு வெள்ளை.

"ஜெயம், உனுக்குக் கண்ணு போவல. எனுக்குத்தான் புத்தி போச்சு."

"அப்ப அரிக்கேன எடுத்துக்கினு போறேன்."

"அத ஒரு கையில புடிச்சா பூவ எந்தக் கையில பறிப்ப? இரு."

பெட்டியின் அடியில் ஒரு சில்லு கிடந்தது. மங்கல் வெளிச்சம், மஞ்சக்காமாலை என்று கோபிநாத்தோடு சேர்ந்து அவனே கேலி செய்து ஒதுக்கியது. அதை எடுத்து நெற்றி விளக்கில் பற்றவைத்தான். மூடிய வீட்டில் வேர்க்க வேர்க்க உட்கார்ந்து ஜெயம் பொறுக்கினாள்.

"பச்ச தெரியுது. ஆனா கூசுதுயா. நெத்தி வேற சுடுது."

டிரைவரையும் மாற்றினான். இது கஞ்சன், கரண்டைக் கொஞ்சமாகத்தான் விடும், பேட்டரி தீரும்வரை ஒரே அளவாக விடும். இப்போது அவள் கை நிற்காமல் ஓடியது.

"தோ, இது பிஞ்சு. இது பூவு."

கதவைத் திறந்து வெயிலில் பார்த்தான். சரியாக இருந்தது. ஆனாலும் அவன் மூஞ்சி தொங்கிக் கிடந்தது.

"தூரம் போவலன்னு வருத்தமா?"

"பாம்பு இருக்கேடி..."

"காலடியில கெடக்கற பாம்பு தெரிஞ்சா போதும். கடலூர் ரோட்டுல போற பாம்புகூட எனுக்கு இன்னாயா பேச்சு?"

அடுத்த நாள் அவள் வரும்வரை அவனுக்கு ஒரு மோட்டாரும் ஓடவில்லை.

"முருகையன் இன்னா சொன்னாரு?"

"எட போட்டாரு. வாயத் தொறக்கல." முருகையன் வாயில் அதற்குமேல் பாராட்டு கிடையாது. "கூடப் பறிக்கற பார்வதிக்கும் ஒண்ணு வேணுமாம்."

சாயங்காலம் கோபிநாத் வந்தான். ஜெயத்தின் கொண்டையில் அன்று பறித்த மல்லி விரியத் தொடங்கியிருந்தது.

"புது லைட்டு எவ்ளோ தூரம்ணே அடிக்குது?"

"கை நீட்டுற தூரம்டா" என்றான் கண்ணையன், ஏதோ பந்தயத்தில் ஜெயித்தவன் மாதிரி.