ஊமச்சி

நேசையனுக்குச் சின்னப்பிள்ளை மாதிரி ஒரே குதூகலம். மருமகள் ஜெனிலாவின் அண்ணன் மணப்பாட்டிலிருந்து மீன் வண்டியில் வந்தவன், கிறிஸ்துமஸ் குடிலுக்கென்று ஒரு வாளி நிறையச் சங்கும் சிப்பியும் கடல்தண்ணீரோடு இறக்கிவிட்டுப் போயிருந்தான். ராஜபாளையத்தில் யார் வீட்டுக் குடிலில் கடல் இருக்கிறது? ஒவ்வொன்றாக எடுத்துக் காதில் வைத்து, “அலை அடிக்கு மேரி, அலை அடிக்கு!” என்று மனைவி சந்தனமேரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜெனிலா அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் பேசியதையெல்லாம் ஒரு தீப்பெட்டிக்குள் அடக்கிவிடலாம். தன் கடற்கரைப் பேச்சைக் கேட்டு இங்கே சிரித்துவிடுவார்களோ என்ற பயம்தான். அதற்காக மாமியார் வைத்த பேர் ஊமச்சி. எங்கள் ஊரில் நத்தைக்குத்தான் அந்தப் பேர் என்று அவள் சொல்லவில்லை. அதற்கும் வாயைத் திறக்க வேண்டுமே!

காப்பியோடு வெளியே வந்தாள். நேசையன் கையில் கூம்பாக ஒரு சங்கு, உடம்பெல்லாம் பழுப்பு வலை வரைந்தது. “இது பாலன் காலடிக்கு” என்று காதுக்குக் கொண்டுபோனார். குறுகிய முனையிலிருந்து சிவப்பாக ஒரு குழல் நீண்டது.

ஜெனிலா அந்தக் குழலைக் கண்டுகொண்டாள். சங்கு குளிக்கப் போன அவள் சித்தப்பா, இது கொட்டித்தான் கரை சேருமுன் மூச்சு நின்று போனார்.

“ஏலே! கீழ போடுலே அத! போடுலேங்கேன்!”

சங்கு வாளிக்குள் பொளக்கென்று விழுந்தது. காப்பி முற்றமெல்லாம் ஓடியது. மாமனாரை ஏலே போட்ட மருமகளை அந்தத் தெரு கண்டதில்லை. சந்தனமேரி வாயில் கைவைத்தாள்.

“மாமா, கையக் காட்டுங்க. எங்கயாச்சும் சுருக்குன்னுச்சா? மரத்திருக்கா?” உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. மாதாவே! அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. “எங்கூர்ல நத்தைக்குப் பேரு ஊமச்சி மாமா. மத்ததெல்லாம் ஒண்ணுஞ் செய்யாது. இது மட்டும் உள்ளுக்குள்ள ஊசி வச்சிருக்கும். ஒரே குத்துல மனுசன் கூட செத்துருவான். எங்க சித்தப்பா...” என்று தொடங்கியவள் நிறுத்தவே இல்லை.

ஊமச்சி என்ற பேரைக் கேட்டு சந்தனமேரியின் முகம் ஒரு மாதிரியானது. நேசையன் வாளியருகே குந்திவிட்டார். “ஆத்தாடி, இம்புட்டும் உனக்குத் தெரியுமா! சொல்லு தாயி, பொறவு?”

குடிலுக்கு வைக்கோல் வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்த மகன் அலெக்ஸ், பைக்கை நிறுத்திவிட்டு நேரே வாளிக்கு வந்தான்.

“ஏலே, கைய விடாதலே!” நேசையன் கத்தினார். “ஊமச்சி கொட்டிரும்!”

அலெக்ஸ் திகைத்துப்போய்த் தன் மனைவியைப் பார்த்தான். முதலில் சிரித்தது சந்தனமேரிதான். வாளிக்குள் அந்தச் சிவப்புக் குழல் மறுபடியும் நீண்டு, சுவரை மெல்லத் தடவிக்கொண்டிருந்தது.