மாமனாரைச் சுட்ட துருக்கிக்காரர்கள்

காஜா பெராங் ஊரில் அப்பாசாமி நொண்டுவதற்கான காரணம் தெரியாதவர் கிடையாது. முதல் உலகப் போரில், பாஸ்ரா பக்கம், துருக்கிக்காரன் சுட்ட குண்டு இடுப்பில் பாய்ந்ததாம். மருமகன் தம்பிராஜா கல்யாணமான புதிதில் கேட்டபோது துருக்கிக்காரர்கள் மூன்று பேர். 1957 பிறந்தபோது பதினொரு பேராகப் பெருகியிருந்தார்கள்.

அந்த ஆண்டு மெர்டேக்கா என்னும் சுதந்திர நாள் ஊர்வலத்தில் பழைய சிப்பாய் ஒருவரைத் திறந்த காரில் உட்காரவைத்து அழைத்துப்போவதென்று வட்டாரக் கொண்டாட்டக் குழு முடிவுசெய்தது. குழுத் தலைவர் கணேசமூர்த்தி எழுத்தராக வேலை பார்த்த தம்பிராஜாவிடம் நேரே வந்தார்.

"கிராணி, உங்க மாமாவைப் பத்தி மேடையில பேசணும். எந்தப் படை, எந்தச் சண்டைன்னு எழுதிக் கொடுங்க."

மாமனாரோ, "அதெல்லாம் ராணுவ ரகசியம், மாப்பிள்ளை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் போரில் வாங்கிய பதக்கத்தைக் கேட்டதும் மறுக்க வழியில்லை. தம்பிராஜா அதைப் பல்பொடி போட்டுத் தேய்த்தான். கறுத்துக் கிடந்த வெள்ளியின் விளிம்பில் எழுத்துகள் தெரிந்தன: ஓர் எண், 'டிரைவர்' என்ற பதவி, அப்பாசாமி என்ற பெயர், கடைசியில் என்னவென்று புரியாத மூன்று எழுத்துகள்.

டிரைவரா? சைக்கிள்கூட மிதிக்கத் தெரியாத மனுஷர்! தம்பிராஜாவுக்கு ஆவல் பற்றிக்கொண்டது. விளிம்பில் இருந்ததை அப்படியே தட்டச்சு அடித்து இந்தியாவிலுள்ள ராணுவ ஆவண அலுவலகத்துக்கு அனுப்பினான். நான்கு மாதம் கழித்து, ஊர்வலத்துக்கு மூன்று நாள் இருக்கையில் பதில் வந்தது.

'டிரைவர் (கழுதை ஓட்டி) அப்பாசாமி, கோவேறு கழுதைப் படை. முகாமில் கழுதை உதைத்து இடுப்பெலும்பு முறிந்தது. ஏழு வாரம் மருத்துவமனையில். சொந்த விருப்பத்தில் பணிக்குத் திரும்பி, அதே கழுதையைக் கேட்டுப் பெற்றார்.'

"அலாமாக்!" என்று வியந்தான் தம்பிராஜா.

கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த மாமனாரிடம் போய்க் கடிதத்தைத் தமிழில் படித்துக் காட்டினான்.

"மெதுவா, மாப்பிள்ளை! உங்க அத்தை காதுல விழுந்துடப் போவுது."

"துருக்கிக்காரங்க எங்கே மாமா?"

"நான் ஒருத்தனைக்கூடப் பார்த்ததில்ல. பொண்ணு பார்க்கப் போனப்போ, காலு ஏன் இப்படின்னு கேட்டாங்க. கழுதை உதைச்சதுன்னு சொன்னா எவன் பொண்ணு கொடுப்பான்? ஒரு துருக்கிக்காரனைச் சொல்லிவச்சேன். அப்புறம் அவன் சொந்தக்காரங்கள்லாம் ஒவ்வொருத்தரா வந்து சேர்ந்துட்டாங்க."

குசினியிலிருந்து அத்தை நாகம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "முப்பத்தஞ்சு வருஷமா அந்தத் தழும்பைப் பார்க்கிறேன். குண்டு என்ன, லாட வடிவத்துலயா பாயும்?"

அப்பாசாமி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "தெரிஞ்சுக்கிட்டா சும்மா இருந்தே?"

"அந்தக் கதையைச் சொல்றப்போ உங்க மூஞ்சியில ஒரு களை வரும். எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

தம்பிராஜா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டான். "அதே கழுதையை ஏன் மாமா கேட்டு வாங்கினீங்க?"

கிழவரின் குரல் தணிந்தது. "குண்டுச் சத்தம் கேட்டா மத்ததெல்லாம் கயித்த அறுத்துக்கிட்டு ஓடும். அவ ஓடமாட்டா. மேட்டுல காயம்பட்டுக் கிடந்தவங்களுக்குத் தினமும் ரெண்டு நடை தண்ணி கொண்டுபோனோம். உதைச்சதுகூட என் தப்புதான். தின்னுக்கிட்டு இருந்தவ பின்னால போனேன்."

மெர்டேக்கா நாளன்று மேடையில் கணேசமூர்த்தி, "பதினொரு துருக்கியரை எதிர்த்து நின்ற மாவீரர்..." என்று தொடங்கியதும் அப்பாசாமி நொண்டிக்கொண்டே எழுந்து ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"துருக்கிக்காரன் யாருமில்ல, தலைவரே. என்னை உதைச்சது ஒரு கழுதை."

திடல் அதிரச் சிரித்தது. பக்கத்து ஊரான செமாபோக்கிலிருந்து வந்திருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். தம்பிராஜாவுக்கு எங்கேயாவது ஓடி ஒளியலாம் போலிருந்தது. அப்பாசாமி பொறுமையாக நின்று, சிரிப்பு அடங்கியதும் தண்ணீர் சுமந்த கதையைச் சொன்னார். கூட்டம் முன்னால் நகர்ந்து வந்து கேட்டது. முடிந்ததும் ஒருவர் எழுந்து, "கழுதை பேரு என்னய்யா?" என்றார்.

கிழவர் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்துத் தயங்கினார்.

"சொல்லுங்க, நான் கோவிச்சுக்கல" என்றாள் நாகம்மா.

"ரோசி."

ஊர்வலம் கிளம்பியது. திறந்த காரில் நாகம்மாவும் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வழிநெடுக இருபுறமும் ஜனங்கள் "ரோசி! ரோசி!" என்று கத்தினார்கள். அப்பாசாமி ஒவ்வொரு முறையும் கையை உயர்த்தி சலாம் வைத்தார்.