முகேஷ் வைத்த பூ

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். பேகம்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வண்ணமீன் கடை வைத்திருக்கிற மனுஷனுக்கு இவ்வளவு கோபம் ஆகாது என்று என் மனைவி ரஃபியா தினமும் ஒரு தடவையாவது சொல்லுவாள். நானும் தலையை ஆட்டுவேன். அடுத்த ஆள் கடைக்குள் வந்து, "ஏன் பாய், கடல் மீனைக் குழாய்த் தண்ணியில விட்டா என்ன செஞ்சிரும்?" என்று கேட்கிறவரைக்கும் பொறுமையாகத்தான் இருப்பேன்.

எங்கள் திண்டுக்கல், கடலைப் பார்க்க அரை நாள் பஸ்ஸில் போக வேண்டிய ஊர். இங்கே கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆர்.ஓ. தண்ணீரில் உப்புப் பவுடரை அளந்து கரைத்து, கடலை நாமே செய்துகொள்ள வேண்டும். வெறும் மீன் என்றால்கூடப் பரவாயில்லை. அனிமோன் வைத்தால் தொலைந்தது. புத்தகத்தில் கடல்சாமந்தி என்று போட்டிருப்பார்கள். பார்க்கத்தான் பூ. உண்மையில் அது ஒரு பிராணி. பாறையில் கால் ஊன்றி நிற்கும். இறால் துண்டு கொடுத்தால் இதழ் மாதிரி இருக்கிற விரல்களை மடக்கி வாய்க்குள் இழுத்துக்கொள்ளும். மீன் தாங்குகிற பலதை அது தாங்காது.

சித்தையன்கோட்டை முகேஷ்குமார் ஆறு வருஷத்துக்கு முன்னால் என் கடையில் வாங்கிய அனிமோன் அப்போது ஒரு ரூபாய்க் காசு அகலம்தான். வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் அவன் எலக்ட்ரீஷியன். "ஏலே, இதெல்லாம் உனக்கு நிக்காது, சும்மா தங்க மீன் வாங்கிட்டுப் போ" என்று விரட்டினேன். சிரித்துக்கொண்டே நின்றான், போகவே இல்லை. மூன்றடித் தொட்டியில், தானே கட்டிய விளக்குக்கு அடியில், அதை ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வளர்த்துக் காட்டினான். வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன் ஜோடி ஒன்று ராவும் பகலும் அதற்குள்ளேயே புரண்டுகொண்டிருக்கும்.

போன வருஷம் மாசி மாதம், ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும்போது நாலுவழிச்சாலையில் லாரி மோதி அவன் இறந்துபோனான். இருபத்தேழு வயது. இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை.

முப்பதாம் நாள் காரியம் கழிந்ததும் அந்த வீட்டுக்குப் போனேன். தொட்டியை யார் பார்ப்பார்கள், எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்துத்தான் போனேன். முகேஷின் அம்மா மூக்காயி தொட்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"இதுக்கு என்னென்ன செய்யணும்னு மட்டும் சொல்லு தம்பி. அவன் கையால வச்சதுல உசுரோட இருக்கிறது இது ஒண்ணுதான்."

எழுதப் படிக்கத் தெரியாத அந்த அக்கா எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். உப்பு பார்க்கிற கருவியில் முள் எந்தக் கோட்டில் நிற்க வேண்டும் என்று தெரியும். பாறை இடுக்கில் கண்ணாடி மாதிரி முளைக்கிற களையை, ஊசியில் சுண்ணாம்புக் குழம்பு ஏற்றிக் கொல்லத் தெரியும். கவுச்சி தொடாத செவ்வாய், வெள்ளியிலும் அதற்காக இறால் நறுக்குவார். ஒரே ஒரு குறை. தீனி அதிகம். தின்றது போக மிஞ்சியது தண்ணீரில் கரைந்து, பாறையெல்லாம் தலைமுடி போலப் பச்சைப் பாசி ஏறிக்கொண்டே இருந்தது.

"வாரத்துக்கு ரெண்டு நாள் போதும்க்கா" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

"அது வாயைத் தொறக்குதே தம்பி. எப்படிக் குடுக்காம இருக்க?"

பதினைந்து நாளைக்கு ஒருமுறை போய்ப் பாசியைக் கையால் பிடுங்கி, தண்ணீர் மாற்றிவிட்டு வருவேன். அனிமோன் இருக்கிற தொட்டியில் பாசிக்கு மருந்து போடக் கூடாது. கைதான் மருந்து.

இந்த வைகாசியில், தொப்பம்பட்டியில் மூக்காயியின் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து வந்தது. மகன் போன பிறகு எந்த விசேஷத்துக்கும் போகாதவரை, வருஷம் திரும்பிவிட்டது, ஐந்து நாள் இருந்துவிட்டு வா என்று அவருடைய கணவர் ஒச்சப்பன் வற்புறுத்தி அனுப்பினார். தொட்டியைப் பார்க்கிற பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. ஒச்சப்பன் திராட்சைத் தோட்டக்காரர். அதிகம் பேச மாட்டார். பொஞ்சாதி ஊரிலிருந்து திரும்பும்போது தொட்டி பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார், பாவம்.

வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் எனக்கு இரண்டு தடவை போன் செய்தார். "பாசி ரொம்பக் கெடக்கு பாய், செத்த நேரம் வந்துட்டுப் போறீகளா?" ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். மூன்றாவது தடவை, நான் ஜும்ஆத் தொழுகைக்குக் கிளம்பி, கைகால் முகம் கழுவி ஒளு செய்துகொண்டிருந்தபோது அடித்தார். அதே பாசி, அதே கேள்வி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணே, நீங்க விவசாயிதானே? உங்க தோட்டத்துத் தொட்டியில பாசி புடிச்சா என்னத்தப் போடுவீங்களோ அதையே இதுலயும் போட்டுத் தொலைங்க! என்னைக் கொஞ்சம் விடுங்க."

சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். குத்தலாகச் சொன்னது. அல்லாஹ் அறிய, குத்தலாகத்தான் சொன்னேன். ஒரு தோட்டக்காரரிடம் அப்படிச் சொன்னால் அவர் எதைப் போடுவார் என்று ஒரு நொடி யோசித்தேனா? இல்லை. தொழுதுவிட்டு வந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.

சனிக்கிழமை விடிந்ததும் போன் வந்தது. "பாய், பூவு ஒரு மாதிரி இருக்கு." அந்தக் குரலிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. பக்கெட்டில் புதுக் கடல்நீர் எடுத்துக்கொண்டு வண்டியை விரட்டினேன்.

தொட்டியின் அடியில் நத்தைகள் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. சுத்தம் செய்கிற குட்டி இறால்கள் வெளுத்துப்போய்க் கிடந்தன. மீன் இரண்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அனிமோன் பாறையில் ஊன்றிய காலை விட்டுவிட்டு, வாய் பிளந்து, ஒரு மூலையில் சரிந்து கிடந்தது. அதைத் தொடுகிற மாதிரி மீன்கள் பக்கத்திலேயே நின்றன.

"என்னண்ணே போட்டீங்க?"

"நீங்க சொன்னதைத்தான் பாய். மயில்துத்தம். துணியில முடிஞ்சு செத்த நேரம் அலசுனேன். ஒரு சுண்டுவிரல் அம்புட்டுத்தான். தோட்டத்துத் தொட்டியில அப்படித்தான் செய்வோம், மறுநாளே பாசி செத்துப்போகும்."

பாசியும் செத்துத்தான் போயிருந்தது. மயில்துத்தத்தில் இருப்பது செம்பு. மீன் தாங்கும். நத்தை, இறால், அனிமோன் எதுவும் தாங்காது. கடையில் வேலை கற்றுக்கொண்ட முதல் வாரமே எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் இது. அந்த மனுஷன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். 'நீங்க சொன்னதைத்தான்' என்று சொன்னாரே தவிர, அதில் ஒரு பொட்டுக் குற்றச்சாட்டு இல்லை. என்னைத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, கொஞ்சம் ஆறியிருப்பேன்.

அனிமோனைப் பக்கெட்டில் எடுத்துக்கொண்டு கடைக்குப் பறந்தேன். நாலு தடவை தண்ணீர் மாற்றினேன். விஷத்தை உறிஞ்சக் கரி போட்டேன், காற்று விட்டேன். அல்லாஹ்விடம் துஆ கேட்டேன். மதியத்துக்குள் அது கையில் எடுக்க முடியாதபடி கரைந்துபோய்விட்டது. நாற்றம் கடை வாசல்வரை வந்தது.

சாயங்காலம் ஒச்சப்பனிடம் சொன்னேன். சேரில் உட்கார்ந்திருந்தவர் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "அவகிட்ட சொல்லாதீங்க பாய். இன்னொரு தடவை அவ தாங்க மாட்டா" என்றார்.

அவர் கேட்டார் என்பதற்காக மட்டும் நான் சம்மதிக்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கடையில் அதே நிறத்தில், ஏறக்குறைய அதே அகலத்தில் ஒரு அனிமோன் இருந்தது. ஞாயிறும் திங்களும் அங்கேயே கிடந்தேன். செம்பு ஊறிய பாறை, மணல் எல்லாவற்றையும் வாரி வெளியே போட்டேன். மீன்களைப் பக்கெட்டில் விட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன். என் கடைப் பாறை, என் கடைத் தண்ணீர், என் கடை அனிமோன். பழையது நின்ற இடத்திலேயே இதையும் ஊன்ற வைத்தேன். பார்க்க அச்சு அசல் அதேதான்.

செவ்வாய்க்கிழமை மூக்காயி வந்தார். "நீங்களும் கூட இருங்க பாய், எனக்குப் பொய் வராது" என்று ஒச்சப்பன் என்னையும் வரச் சொல்லியிருந்தார். பையை இறக்கியதும் இறக்காததுமாக மூக்காயி கைகால் கழுவிக்கொண்டு, இறாலை நறுக்கி எடுத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"கல்லு மாறியிருக்கு."

"ஆமாக்கா. பாசி ஜாஸ்தியாப் போச்சு, அதான் எல்லாத்தையும் மாத்திட்டேன்" என்றேன்.

இடுக்கியால் ஒரு துண்டை நீட்டினார். அனிமோன் விரல்களை மடக்கி வாங்கிக்கொண்டது. மூக்காயி அடுத்த துண்டை எடுக்கவில்லை. தொட்டியின் மூலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மீன்கள் இரண்டும் அனிமோன் பக்கமே வராமல், வெறும் கண்ணாடியோரம் ஒட்டிக்கொண்டு நின்றன.

"மீனு ஏன் அங்க நிக்குது?"

"கல்லு புதுசுல்லக்கா. பழகணும்ல."

"கல்லுதானே புதுசு. பூ பழசுதானே?"

நான் ஒச்சப்பனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூ பழசுதானே தம்பி?"

"ஆமாக்கா" என்றேன்.

மூக்காயி என் பக்கம் திரும்பினார். அழவில்லை. சத்தம் போடவுமில்லை.

"அன்னிக்கும் இப்படித்தான் தம்பி. காலையில ஆறு மணிக்கே எம் மவன் போயிட்டான். ஊரு பூராத் தெரியும். இவருக்கும் தெரியும். எங்கிட்ட மட்டும் கால்ல அடி, ஆஸ்பத்திரியில கட்டுப் போடுறாங்கன்னு சொன்னாங்க. பெத்தவ தாங்க மாட்டாளாம். நான் அவனுக்குக் கஞ்சி காய்ச்சி, தூக்குல ஊத்தி மடியில வச்சுக்கிட்டு, எப்போடா கூட்டிட்டுப் போவாங்கன்னு சாயங்காலம்வரைக்கும் உக்காந்திருந்தேன். அவனை எடுத்துக்கிட்டு வண்டி வந்து நின்னப்போ தூக்கை எடுத்துக்கிட்டுத்தான் ஓடுனேன். அம்புட்டுப் பேரு பார்த்துக்கிட்டு நின்னாங்க. ஒருத்தரும் வாயைத் தொறக்கல."

ஒச்சப்பன் எழுந்து வந்தார். "நான்தான் மூக்காயி. மயில்துத்தத்தைப் போட்டுட்டேன்."

"இல்லக்கா" என்றேன். "அண்ணன் மேல தப்பு இல்ல. மூணு தடவை எனக்குப் போன் அடிச்சாரு. தோட்டத்துல போடுறதையே போட்டுத் தொலைங்கன்னு நான்தான் கோவத்துல கத்துனேன். அவரு அதை நம்பிப் போட்டாரு. கொன்னது நாந்தேன். இந்தப் பூவும் என் கடையில இருந்து கொண்டுவந்து வச்சதுதான்."

திட்டட்டும், அடிக்கட்டும் என்று நின்றேன். அக்கா இடுக்கியைத் துடைத்துத் தொட்டி மேல் வைத்தார். இறால் கிண்ணத்தை மூடினார்.

"அதை எங்க போட்டீங்க?"

முதலில் எனக்குப் புரியவில்லை.

"அவன் வச்சதை. செத்ததுக்கப்புறம் எங்க போட்டீங்க?"

இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. முழுங்கிக்கொண்டேன்.

"கடைக்குப் பின்னால... சாக்கடையிலக்கா."

மூக்காயி என்னையே பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எங்கிட்டச் சொல்லியிருந்தா, கொண்டுபோய் அவன் பக்கத்துலயே புதைச்சிருப்பேனே தம்பி."