சேராத கீறல்கள்

தண்ணீர்த் தொட்டிக்குள் சுட்டால் தோட்டா நசுங்காது. போலீஸ் கேஸ்களுக்குத் துப்பாக்கி சோதிக்கும் அந்த ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு பெண்களும் அந்தத் தொட்டியில் சுட்டுச் சுட்டே ஒருத்தியோடு ஒருத்தி ஒட்டிக்கொண்டவர்கள். ஆம்பளைகள் அவர்களுக்கு டமால், டுமீல் என்று பேர் வைத்தார்கள். மூத்தவள் டமால், இளையவளுக்கு அக்கா. முதல் தடவை சுடும்போது வீல் என்று கத்தினவள் டுமீல். கத்தினது ஒரே தடவைதான், பேர் மட்டும் ஒழியவேயில்லை.

அதெல்லாம் என்ன நாட்கள்! நனைந்த கையோடு வலை போட்டுத் தோட்டாவைத் துழாவுவார்கள். செத்தவர் உடம்பிலிருந்து எடுத்தது ஒன்று, சந்தேகப்படும் துப்பாக்கியில் இவர்களே சுட்டது ஒன்று. இரண்டையும் மைக்ராஸ்கோப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, துப்பாக்கிக் குழல் தோட்டாவில் போட்ட கீறல்கள் சேர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒருத்தி பார்த்ததும் வராந்தாவுக்குப் போய்விடுவாள். அப்புறம்தான் மற்றவள் குனிந்து பார்ப்பாள்.

"நான் இங்கே நின்னா என் மூஞ்சியைப் பார்த்தே நீ பரீட்சை எழுதிடுவேடி" என்பாள் அக்கா.

அந்த வராந்தாவில்தான் எத்தனை சிரிப்பு! மேலதிகாரிகளுக்கு எத்தனை ஏச்சு!

இப்போது அக்காதான் மேலதிகாரி.

முதலாளியைச் சுட்டதாக ஒரு குடோன் காவல்காரரைப் பிடித்து வைத்திருந்தார்கள். அவர் துப்பாக்கியின் கீறல்கள் சேர்ந்தால் அந்த ஆளுக்கு ஆயுள் முழுக்க ஜெயில்தான். அக்கா முதலில் பார்த்து எழுதிவிட்டாள். டுமீல் குனிந்தபோது அவள் நகரவில்லை. கூடவே இன்ஸ்பெக்டர் வேறு.

"சேருது இல்ல?" என்றாள் அக்கா.

"வெளியே போங்கக்கா."

"என்னடி, என்னையே வெரட்டுற?"

"முன்னாடியெல்லாம் நான் சொல்லாமலே போவீங்க."

அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. போனாள். இன்ஸ்பெக்டரும் பின்னாலேயே போனார்.

அகலமான பள்ளங்கள் கச்சிதமாகச் சேர்ந்தன. சேராமல் என்ன? அந்த ரகத்தில் எந்தத் துப்பாக்கியால் சுட்டாலும் சேரும். இந்தத் துப்பாக்கிதான் என்று காட்டிக்கொடுப்பவை மெல்லிய கீறல்கள். எலும்பில் மோதி நசுங்கிய தோட்டாவில் அவை பாதி அழிந்திருந்தன. மிச்சமிருந்தவை எப்படித் திருப்பினாலும் ஒட்டவில்லை. சேர்ந்து தொலையேன் சனியனே என்று மனசுக்குள் கெஞ்சிக்கூடப் பார்த்தாள். சேர்ந்தால் அக்காவோடு போய் டீ குடிக்கலாம். கீறலுக்கு அதெல்லாம் தெரியுமா?

'இந்தத் துப்பாக்கிதான் என்று சொல்ல முடியாது' என்று எழுதினாள்.

அக்கா வாங்கி வாசித்தாள். "நான் சேருதுன்னு எழுதியிருக்கேன்."

"மறுபடி ஒருதரம் பாருங்கக்கா."

"இருபது வருஷமாப் பார்க்கிற கண்ணுடி இது." மைக்ராஸ்கோப் பக்கம் அவள் திரும்பவேயில்லை. "ரெண்டு அறிக்கையும் கோர்ட்டுக்குப் போகட்டும்."

இன்ஸ்பெக்டர் பதறினார். "ரெண்டு பதில் போனா கேஸ் நிக்காதும்மா!"

"நிக்கட்டும், படுக்கட்டும். அது உங்க பாடு சார்" என்றாள் டுமீல்.

அந்தக் காலத்து அக்காவாக இருந்தால் இதற்கு முதுகில் ஒன்று வைத்துச் சிரித்திருப்பாள். இப்போது சிரிக்கவில்லை. இரண்டு அறிக்கைகளையும் ஒரே உறைக்குள் போட்டாள், அரக்கு வைத்தாள், தன் அறைக்குப் போனாள். டுமீல் எழுதியதைக் கிழிக்கவில்லை, ஒளிக்கவில்லை. அந்த மட்டுக்கும் பழைய அக்காதான்.

அதை நினைத்தபோதுதான் டுமீலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.